கோட் தைக்க வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது

மதுரையில் கோட் போடுகிற ஆள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரே ஒரு சாயங்காலம் போடுகிறவர்தான். ரிசப்ஷனுக்குத் தைப்பார், அப்புறம் அது பீரோவில் தொங்கும். மச்சினன் கல்யாணத்துக்கு எடுத்துப் பார்த்தால் பட்டன் பூட்டாது. இவர்களை விட்டால் இன்டர்வியூவுக்குப் போகிற காலேஜ் பையன்கள், ஒத்தக்கடைப் பக்கம் ஹைகோர்ட் கிளைக்குத் தினமும் போய்வருகிற வக்கீல்கள், முதல் பிறந்தநாளுக்குக் குழந்தைக்குக் கோட் சூட் கேட்டு வருகிற அப்பா அம்மாக்கள். யாராக இருந்தாலும் கடைக்குள் நுழைந்ததும் செல்போனை நீட்டுவார்கள். அதில் ஒரு நடிகர் நிற்பார், இல்லையென்றால் யாரோ வெளிநாட்டு மாடல். "இதே மாதிரி வேணும் மாஸ்டர்."

போனை வாங்குவதற்கு முன்னால் நான் ஆளைத் திரும்பி நிற்கச் சொல்வேன். எனக்குத் தோள் தெரிய வேண்டும். கோட்டில் மற்றதை எல்லாம் பிறகு சரிபண்ணிக்கொள்ளலாம். இடுப்பைப் பிடிக்கலாம், கை நீளத்தைக் குறைக்கலாம், பட்டனைத் தள்ளி வைக்கலாம். தோள் தப்பினால் கையைப் பிரிக்க வேண்டும், காலரைப் பிரிக்க வேண்டும், லைனிங்கைப் பிரிக்க வேண்டும். அந்தக் கூலிக்குப் புதுசே தைத்துவிடலாம். "ஆல்டர் பண்ணிக்கிடலாம் சார்" என்று கடையில் சொல்வார்கள். தோள் விஷயத்தில் மட்டும் அதை நம்பாதீர்கள்.

நான் தொழில் பழகியது புதுமண்டபத்தில். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். அந்தத் தூண்களுக்கு நடுவே வரிசையாக மெஷின் போட்டுத் தையல்காரர்கள் உட்கார்ந்திருந்த காலம். இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சாமிக்குச் சாத்துகிற உடுப்பு, சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் போடும் உடுப்பு, பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கான உடுப்பு, இதெல்லாம் அரை இஞ்ச் முன்னே பின்னே இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பிறகு கோட் வெட்டுகிற மாஸ்டர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் உடனே டேப்பைக் கையில் கொடுத்துவிடவில்லை. வருகிறவர்களின் முதுகைப் பார்த்து எந்தத் தோள் இறங்கியிருக்கிறது என்று சொல்லச் சொல்வார். சரியாகச் சொல்லும்வரை கத்தரிக்கோல் கிடையாது.

உண்மையில் பலருக்கும் இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. மூட்டை தூக்கியவர், ஒரே தோளில் பை மாட்டியவர் என்று காரணம் பல. இறங்கிய பக்கத்தில் பேடை, அதாவது தோளுக்குள் வைக்கிற மெத்தையை, கொஞ்சம் கனமாக வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. வைக்காவிட்டால் அந்தப் பக்கம் கக்கத்துக்குக் கீழே சாய்வாகச் சுருக்கம் விழும். ரெடிமேடில் இந்தச் சலுகை கிடையாது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கோட்டைப் போட்டுக்கொண்டு சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நில்லுங்கள். உங்கள் புஜம் சுவரில் படுவதற்கு முன்னாலேயே பேடு முட்டினால் தோள் பெரிசு. புஜம் பிதுங்கிக்கொண்டு வெளியே தெரிந்தால் சின்னது. அடுத்து கழுத்துக்குப் பின்னால் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். கோட் காலர் சட்டைக் காலரை ஒட்டிப் படுத்திருக்க வேண்டும், விரல் போகிற அளவுக்கு விலகி நிற்கக் கூடாது. போலீஸ் வேலையில் இருப்பவர்கள் நெஞ்சை விரித்து நிமிர்ந்து நிற்பார்கள். அவர்களுக்கு ரெடிமேட் போட்டால் காலருக்குக் கீழே முதுகில் குறுக்காக ஒரு மடிப்பு உருளும். கம்ப்யூட்டர் முன்னால் குனிந்தே கிடக்கிற பையன்களுக்கு நேர்மாறு: முதுகு வளைந்து, கோட்டின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, காலர் விலகும். இரண்டு பேருக்கும் டேப்பில் மார்பு 40 என்றே வரும்.

சரி, அடுத்து தொப்பை.

தொப்பை இருக்கிறவர் வயிற்றை எக்கிக்கொண்டுதான் அளவு கொடுப்பார். "மூச்ச விடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு அப்புறம் அளவெடுப்பேன். ரெடிமேட் கோட் சூட் வழக்கமாக மார்புக்கும் பேன்ட் இடுப்புக்கும் ஆறு இஞ்ச் வித்தியாசம் வைத்து வரும். மார்பு 40 என்றால் இடுப்பு 34. நாற்பது வயதைத் தாண்டிய நம் ஆளுக்கு மார்பும் 42, இடுப்பும் 42. அவர் வயிற்றுக்குச் சரியாக இருக்கட்டும் என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுப்பார், தோள் தொங்கும். செய்ய வேண்டியது தோளுக்குப் பார்த்துத் தைப்பது, முன்பக்கத்தை மட்டும் நீளமாகவும் அகலமாகவும் வெட்டுவது. முன்பக்கம் நீளம் போதாவிட்டால் வயிறு அதைத் தூக்கிவிடும். பக்கவாட்டில் பார்த்தால் கோட்டின் அடி முன்னால் ஏறியும் பின்னால் இறங்கியும் இருக்கும். கல்யாண வீடியோவில் அது நன்றாகத் தெரியும்.

இவர்களுக்கு இரண்டு பட்டன் வைத்த சாதாரண கோட்டே போதும். மேல் பட்டன் தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். அப்போதுதான் மார்பில் வி மாதிரி இறங்குகிற திறப்பு நீளமாகி ஆளை உயர்த்திக் காட்டும். மூன்று பட்டன் வேண்டவே வேண்டாம். பட்டனைப் பூட்டினால் அதைச் சுற்றி எக்ஸ் மாதிரி சுருக்கம் விழுகிறதென்றால் துணி இழுபடுகிறது என்று அர்த்தம். கடைசிப் பட்டனை யாரும் பூட்டுவதில்லை. இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டுக்கு வயிறு பெருத்துப் பூட்ட முடியாமல் விட்டார், கூட இருந்தவர்களும் விட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை நிஜமோ பொய்யோ, இப்போது வருகிற கோட்டெல்லாம் அந்தப் பட்டனைப் பூட்டாமல் விடுவதற்கென்றே வெட்டப்படுகிறது. பூட்டினால் இடுப்பில் பிடிக்கும். தொப்பைக்காரர்கள் நிம்மதியாக இருக்கலாம், மன்னரே பக்கபலம்.

டபுள் பிரெஸ்ட், அதாவது இரண்டு வரிசைப் பட்டன் வைத்து ஒன்றின்மேல் ஒன்று மூடுகிற கோட், குண்டானவர்களுக்கு ஆகாது என்று சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். குண்டாக இருந்தாலும் உயரம் இருந்தால் அதைப் போலக் கம்பீரம் வேறு இல்லை. முன்னால் இரண்டு அடுக்குத் துணி விழுந்து வயிற்றை மூடிவிடும். குட்டையும் குண்டுமாக இருந்தால்தான் வேண்டாம். ஒல்லியாக, உயரமாக இருக்கிறவர்களுக்கு அது அப்படியே பொருந்தும், உடம்பில் இல்லாத அகலத்தைக் கொடுக்கும். ஆனால் ஒரு விஷயம்: அதை எந்நேரமும் பூட்டியே வைத்திருக்க வேண்டும். அவிழ்த்துவிட்டால் இரண்டு பக்கமும் துணி தொங்கும். சாப்பாட்டுப் பந்தியில் உட்காரும்போது கூட யோசிக்க வேண்டியதுதான்.

குட்டையானவர்கள் கோட் நீளத்தில் கவனமாக இருக்க வேண்டும். பின்பக்கத்தைச் சரியாக மூடினால் போதும். அதற்கும் கீழே இறங்கினால் கால் குட்டையாகத் தெரியும். கோட்டும் பேன்ட்டும் ஒரே துணியில் இருப்பது இவர்களுக்கு நல்லது. மேலே ஒரு கலர் கீழே ஒரு கலர் போட்டால் ஆளை இடுப்பில் இரண்டாக வெட்டிக் காட்டும்.

ஜிம்முக்குப் போகிற பையன்கள்தான் இப்போது எனக்குப் பெரிய வேலை வைக்கிறார்கள். மார்பு 42, இடுப்பு 32. இவர்களுக்கு எந்த ரெடிமேடும் உட்காராது. அதோடு எல்லோரும் உடம்பைப் பிடித்த மாதிரி கேட்கிறார்கள், லேப்பலை, அதாவது காலருக்குக் கீழே மார்பில் மடிந்து விழுகிற பட்டையை, இரண்டு விரல் அகலத்தில் கேட்கிறார்கள். அகலமான மார்பில் ஒல்லியான லேப்பல் வைத்தால் நெஞ்சு இன்னும் பூதாகாரமாகத் தெரியும், ஆள் உடுப்புக்குள் திணிக்கப்பட்ட மாதிரி இருப்பான். கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில் பாதி தூரம் லேப்பல் வந்தால் எந்தக் காலத்திலும் பழசாகாது. ஃபேஷன் மாறினால் பத்து வருஷம் முந்தைய போட்டோவில் முதலில் காட்டிக்கொடுப்பது லேப்பல்தான்.

ரிசப்ஷன் கோட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே அதை மாப்பிள்ளை மட்டும் முடிவு செய்வதில்லை. ஒரு வைகாசியில் வந்த குடும்பம் நினைவிருக்கிறது. பையன் பெங்களூரில் வேலை, ஒல்லி, நல்ல உயரம். கூட அம்மா, அப்புறம் தாய்மாமன். கோட் தாய்மாமன் செலவு, அதனால் பேச்சும் அவருடையது.

"மாஸ்டர், மெரூன் வெல்வெட்டு. காலர்ல கல்லு வச்சு, பளபளன்னு இருக்கணும். மேடையில நிக்கிறது எங்க வீட்டுப் பிள்ளைன்னு மண்டப வாசல்லயே தெரியணும்."

"மாமா, எனக்கு நேவி ப்ளூ போதும்."

"நேவியா? அது பேங்க் மேனேஜர் போடுறதுப்பா."

நான் மாமாவிடம் மண்டபம் எது, ஏசியா, எத்தனை மணிக்கு மேடையேறுகிறார்கள் என்று கேட்டேன். ஏசி என்றார். ஏசி மண்டபம் என்றாலும் மேடை வேறு ஊர். வீடியோ லைட் இரண்டு பக்கமும் முகத்துக்கு நேரே அடிக்கும், ஜனம் வரிசையாக ஏறி இறங்கும், கதவு மூடவே மூடாது. ஆறரைக்கு ஏறினால் பத்து மணி வரை நிற்க வேண்டும். வெல்வெட்டுக்குள் அவ்வளவு நேரம் நின்றால் பையன் சட்டை பிழிகிற மாதிரி ஆகிவிடும், போட்டோவில் முகம் எண்ணெய் வழியும். அதைவிட முக்கியம் மாலை. ரோஜா மாலை கட்டி, வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருவார்கள். அது கழுத்தில் விழுந்ததும் தண்ணீர் லேப்பல் வழியாக இறங்கும். வெல்வெட்டில் மாலை அழுத்திய இடத்தில் இழை படுத்துவிடும், ரோஜாச் சாறு பட்டால் கறை போகாது. இதைச் சொன்னதும் மாமா கொஞ்சம் இறங்கி வந்தார். "அப்ப கல்லு?" என்று மட்டும் கேட்டார்.

கடைசியில் கரு நீலத்தில் மெல்லிய கம்பளித் துணி, ஒரு பட்டன், பீக் லேப்பல், அதாவது முனை தோளை நோக்கி மேலே குத்துகிற மாதிரி இருப்பது. ஒல்லியான பையனுக்கு அந்த முனை தோளை அகட்டிக் காட்டும். ஷால் காலர் என்று முனையே இல்லாமல் வளைந்து இறங்குவது ஒன்று உண்டு. டக்ஸீடோவில் அதிகம் வரும். வட்ட முகமும் வயிறும் இருக்கிறவர்களுக்கு அது இன்னும் உருண்டையாக்கும். இவனுக்கு ஆகும்தான், ஆனால் மாலை விழுந்தால் ஷால் காலர் சீக்கிரம் நிலைகுலைந்துவிடும். மாமாவுக்காக மார்புப் பாக்கெட்டில் மெரூன் சுங்குடித் துணியில் ஒரு கைக்குட்டை வைத்துக் கொடுத்தேன். மணப்பெண் சேலையும் மெரூன் என்பதால் அது வைத்ததே பொருத்தம் என்று அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

மாப்பிள்ளைகளுக்கு இன்னொன்று. மொய்க் கவர். மேடையில் கையில் கொடுத்ததை எல்லாம் உள்பாக்கெட்டில் சொருகிக்கொள்வார்கள். அரை மணி நேரத்தில் இடது பக்க நெஞ்சு வீங்கிவிடும், லேப்பல் எழும்பி நிற்கும். கூட நிற்கிற தம்பியிடம் ஒரு பை கொடுத்துவையுங்கள். போனும் வண்டிச் சாவியும் கூட அந்தப் பையிலேயே இருக்கட்டும்.

துணிக்கு வருவோம். கம்பளி என்றதும் "மதுரை வெயிலுக்கா?" என்று சிரிப்பார்கள். 1921 செப்டம்பரில் மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோதுதான் காந்தி மேலுடுப்பையே விட்டுவிட்டு முழங்கால் வேட்டிக்கு மாறினார். அவர் மாறியது ஏழைகளுக்காக. ஆனாலும் சித்திரை மாதத்தில் கோட்டுக்கு டிரையல் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். ஆனால் கம்பளி என்றால் குல்லாவும் ஸ்வெட்டரும் மட்டும் இல்லை. மெல்லிய நூலில் இடைவெளி விட்டு நெய்த கம்பளி, ஒரு மீட்டர் துணிக்கு 230 முதல் 260 கிராம் வரை எடையுள்ளது, காற்றை விடும், வியர்வையை உறிஞ்சி வெளியே விடும், இரவு தொங்கவிட்டால் சுருக்கம் தானே போய்விடும். நம்மைப் புழுங்க வைப்பது பாலியஸ்டர். அது விலை குறைவு, பளபளப்பு அதிகம், அதனால்தான் கடையில் முதலில் அதை விரிக்கிறார்கள். துணி ஓரத்தில் சூப்பர் 100, சூப்பர் 120 என்று போட்டிருப்பது கம்பளி இழை எவ்வளவு மெல்லியது என்பதற்கான கணக்கு. எண் கூடக் கூட உழைக்கும் என்று நினைக்காதீர்கள். மிகவும் மெல்லியது சீக்கிரம் கசங்கும், சீக்கிரம் தேயும்.

லினன் பிடித்தால் தாராளமாகப் போடுங்கள். பகல் விசேஷம், கிரகப்பிரவேசம், நிச்சயதார்த்தம் எல்லாவற்றுக்கும் நல்லது. கசங்கும். கசங்கினால்தான் அது லினன். அதை இஸ்திரி போட்டுக்கொண்டே இருக்கிறவர்களுக்கு லினன் சரிப்படாது.

துணி நல்லதாக எடுத்துவிட்டு லைனிங்கில் கோட்டைவிடுவது இங்கே வழக்கம். நூறு சதவீதம் கம்பளி வாங்கி, உள்ளே முழுக்க பாலியஸ்டர் லைனிங் வைத்தால் காசு போனதுதான் மிச்சம், புழுக்கம் அப்படியே இருக்கும். விஸ்கோஸ் லைனிங் கேளுங்கள். முதுகில் மேல்பாதிக்கு மட்டும் லைனிங், கீழே வேண்டாம் என்று சொல்லுங்கள். கைக்கு மட்டும் லைனிங் கட்டாயம், இல்லாவிட்டால் சட்டைக் கை மேலே சுருண்டு ஏறும்.

மார்புக்குள் என்ன இருக்கிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. விலை குறைந்த கோட்டில் ஃபியூசிங் என்று பசைத்துணியைச் சூடு வைத்து ஒட்டியிருப்பார்கள். நாளாவட்டத்தில் வெயிலிலும் டிரை வாஷிலும் பசை விட்டு, மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அதைத் தேய்த்துச் சரிபண்ண முடியாது. கேன்வாஸ் வைத்துக் கையால் தைத்தது அப்படி ஆகாது, விலை கூடும். கண்டுபிடிக்க, கீழ்ப் பட்டன் பக்கத்தில் துணியின் முன்பக்கத்தை ஒரு கையாலும் உள்பக்கத்தை ஒரு கையாலும் கிள்ளி மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். நடுவே மூன்றாவதாக ஒரு துணி தனியாக நழுவினால் கேன்வாஸ். மேல்துணி அட்டையாகக் கனத்திருந்தால் ஃபியூசிங். ஒரே ஒரு ரிசப்ஷனுக்கென்றால் ஃபியூசிங் போதும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பத்து வருஷம் போட நினைத்தால் மேல்பாதிக்காவது கேன்வாஸ் கேளுங்கள்.

கலர் விஷயத்தில் ஒரு கோபம் எனக்கு உண்டு. கறுப்பாக இருக்கிற பையனை அழைத்து வந்து, "இவனுக்கு லைட் கலர் எடுக்காதீங்க மாஸ்டர், இன்னும் கறுப்பாத் தெரிவான்" என்று அவன் முன்னாலேயே சொல்வார்கள். பையன் தலையைக் குனிந்துகொள்வான். வெளிர் சாம்பல், கிரீம், வானநீலம் எல்லாம் கறுத்த தோலில் பிரமாதமாக எடுக்கும். சந்தேகம் இருந்தால் துணியைத் தோளில் போட்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்து பார்க்கச் சொல்வேன், பார்த்தபிறகு பெரும்பாலும் பேச்சு இருக்காது. உண்மையில் வீடியோவில் சிக்கல் செய்கிற கலர் கறுப்பு. லைட் அடித்தால் தையல், லேப்பல், பாக்கெட் எதுவும் தெரியாது, கறுப்பாக ஒரு பரப்பு மட்டும் தெரியும்.

இன்டர்வியூவுக்கு வருகிற பையன்களுக்கு நான் அதிகம் பேசுவதில்லை. கரு நீலம் அல்லது அடர் சாம்பல், இரண்டு பட்டன், சாதாரண நாட்ச் லேப்பல், அதாவது காலரோடு சேருகிற இடத்தில் ஒரு வெட்டு விட்டது, மூடி வைத்த பாக்கெட். அவ்வளவுதான். ஹாஸ்டலில் ஒரு கோட்டை வைத்து ஒரு ரூமே இன்டர்வியூவுக்குப் போகும். அது தப்பில்லை, யாருக்குத் தோள் பொருந்துகிறதோ அவன் மட்டும் போட்டுக்கொள்ளட்டும். மற்றவர்கள் நல்ல வெள்ளைச் சட்டையும் இஸ்திரி போட்ட பேன்ட்டும் போட்டுப் போவது மேல். அண்ணன் கோட்டுக்குள் நிற்கிற பையனை இன்டர்வியூ எடுப்பவர் பார்த்ததும் கண்டுபிடிப்பார். கேம்பஸ் இன்டர்வியூவுக்கென்று கடன் வாங்கித் தைக்க வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சம்பளம் வந்ததும் வாப்பா, அப்போது ஒழுங்காகத் தைப்போம்.

வக்கீல்கள் கணக்கு வேறு. 2004 ஜூலையில் இங்கே ஹைகோர்ட் கிளை வந்த பிறகுதான் கறுப்புக் கோட் எங்களுக்குத் தினசரி வேலையானது. உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர்த்த கோர்ட்டுகளில் கோடையில் கோட் கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. ஆனால் ஹைகோர்ட் போகிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. மே மாத வெயிலில் டூவீலரில் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு மாட்டுத்தாவணியைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு வியர்க்கும். கோட்டை வண்டியில் போடாதீர்கள், பையில் மடித்து எடுத்துப் போய் அங்கே போடுங்கள். எனக்கு வேலை குறையும், உங்களுக்குக் கோட் இரண்டு மடங்கு உழைக்கும். தினமும் போடுகிற கோட்டுக்கு லைனிங் பாதி போதும். கக்கத்தை மேலே தூக்கி வெட்டச் சொல்லுங்கள். கீழே இறக்கி வெட்டினால் கை நன்றாக அசையும் என்று நினைப்பார்கள், நேர்மாறு, கையைத் தூக்கினால் கோட்டே தூக்கிக்கொண்டு வரும். பின்னால் இரண்டு பக்க வெட்டு வையுங்கள். கோட்டில் பின்வெட்டு என்பதே முதலில் குதிரையேறுகிறவர்களுக்காக வந்தது. நம் ஊரில் ஸ்கூட்டரும் கோர்ட் பெஞ்சும். உட்கார்ந்து எழுந்தால் பின்பக்கம் கசங்காது, பேன்ட் பாக்கெட்டில் கைவிட்டாலும் கோட் தூக்காது. அப்புறம் இரண்டு கோட் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கோட்டைத் தினமும் போட்டால் முதுகில் வெள்ளையாக உப்புப் பூக்கும்.

வக்கீல் கோட் என்றால் எனக்கு ஒரு அப்பா ஞாபகம் வருவார். மேலூர்ப் பக்கம் கிராமம். மகன் சட்டம் படித்து முடித்து வக்கீலாகப் பதிவு செய்யப் போகிறான். குடும்பத்தில் முதல் வக்கீல். பையனுக்குக் கறுப்புக் கோட் அளவெடுத்து முடித்ததும், அப்பா தயங்கித் தயங்கி, "இன்னொண்ணும் வேணும் மாஸ்டர். நீலத்துல" என்றார். நான் வழக்கம்போலக் கரு நீலத்தை விரித்தேன். தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"இது கறுப்பால்ல தெரியுது. எங்க ஊர் முக்குல அண்ணல் சிலை இருக்குல்ல, அந்த நீலம்."

அம்பேத்கரும் பாரிஸ்டர். அந்த நீலம் எது என்று நான் கேட்கவில்லை. எல்லோரிடமும் நான் சொல்கிற விதிப்படி அவ்வளவு எடுப்பான நீலம் வேண்டாம், அடக்கமானது எடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு அந்த விதியை மடித்து வைத்துவிட்டேன். கறுப்புக் கோட் கோர்ட்டுக்கு, நீலம் அந்த ஊருக்கு. பையன் ஒல்லி, தோள் சரிவு. பேடைக் கொஞ்சம் உயர்த்தி, லேப்பலை அகலமாக வைத்து, வெள்ளைச் சட்டை சிவப்பு டையோடு பார்க்கும்படி தைத்தேன். டிரையல் அன்று அப்பா கண்ணாடியில் மகனைப் பார்க்கவில்லை. பின்னால் போய் நின்று இரண்டு தோளிலும் கை வைத்துத் தடவி, மட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். கொத்தனார் வேலை பார்க்கிறவர், மட்டம் தெரியாமலா இருக்கும்.

டை கட்டப் பிடிக்காத அப்பாக்கள், பெரியப்பாக்கள் கழுத்து மூடிய ஜோத்பூரி கோட் கேட்பார்கள். கழுத்து நீளமாக இருந்தால் ராஜகம்பீரம். கழுத்தே தெரியாத ஆள் போட்டால் தாடை காலரில் உட்கார்ந்துவிடும், இரண்டு மணி நேரத்தில் கொக்கியை அவிழ்த்துவிட்டுத் திரிவார். அவர்களுக்கெல்லாம் கையில்லாத ஜாக்கெட்தான் என் சிபாரிசு. வெள்ளைச் சட்டைமேல் போட்டுக்கொள்ளலாம், பந்தியில் ஓடியாடிக் கவனிக்கலாம், வியர்க்காது.

புதுக் கோட்டை வாங்கியதும் கையில் வெளியே தைத்திருக்கிற கம்பெனி லேபிளைப் பிரித்து எடுங்கள். பின்வெட்டில் பெருக்கல் குறி மாதிரி போட்ட நூலையும் பிரியுங்கள். அது கோட் கலையாமல் இருக்கத் தற்காலிகமாகப் போட்டது, அலங்காரம் இல்லை. மேடையில் லேபிளோடு நிற்கிற மாப்பிள்ளையைப் பார்த்தால் எனக்குக் கத்தரிக்கோலோடு மேடையேறத் தோன்றும். கை நீளம் சட்டைக் கப் அரை இஞ்ச் தெரிகிற அளவில் நிற்க வேண்டும். கட்டை விரலை மூடுகிற கை நம் ஊரில் நிறைய நடமாடுகிறது.

ஒவ்வொரு தடவையும் டிரை வாஷ் போடாதீர்கள். ஈரம் காய நிழலில் தொங்கவிட்டு, பிரஷ் போட்டு, அகலமான ஹேங்கரில் மாட்டுங்கள். பாலித்தீன் கவரோடு பீரோவில் வைத்தால் ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும். பழைய வேட்டித் துணியில் உறை தைத்துக்கொள்ளலாம், கேட்டால் நானே தைத்துத் தருவேன்.

வைகாசி, ஆவணி, தை முகூர்த்தத்துக்குத் தைக்கிறவர்கள் ஒரு மாதம் முன்னதாகவே வந்துவிடுங்கள். இரண்டு டிரையல் வேண்டும். முதல் டிரையலில் வெள்ளை நூலோட்டத்தோடு, ஒரு கை மட்டும் வைத்து நிற்க வைப்பேன், பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்கும். பத்து நாளில் கேட்டால் ரெடிமேடில் தோள் சரியானதைப் பார்த்து எடுத்து வாருங்கள், இடுப்பும் கையும் பிடித்துத் தருகிறேன். டிரையலுக்கு வரும்போது அன்றைக்குப் போடப்போகிற சட்டையும் ஷூவும் கையில் இருக்க வேண்டும். டீ சர்ட்டும் செருப்பும் போட்டுக்கொண்டு வந்து பேன்ட் நீளம் பார்க்கச் சொன்னால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.